என் அண்ணனுக்கு இரண்டு சாவுத் தேதி

“தண்ணி லாரி! தண்ணி லாரி!”

கத்துகிறார்கள். எல்லா மொழியிலும் கத்துகிறார்கள். கூடாரங்களிலிருந்து ஆட்கள் கொட்டுகிறார்கள். கேன், வாளி, பெயின்ட் டப்பா, பிளாஸ்டிக் பை. சிலர் கையில் ஒன்றுமில்லை. வெறும் கையை ஏந்திக்கொண்டு ஓடுகிறார்கள். புழுதி. மேட்டுக்குப் பின்னாலிருந்து ஹாரன். இரண்டு நீளம், ஒரு குட்டை.

1990 செப்டம்பர் 9. ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்று இருபது. ஈராக்குக்கும் ஜோர்டானுக்கும் நடுவில் உள்ள பாலைவனம். இந்தப் பக்கமும் எங்களை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கமும் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்குத் தண்ணீர் பிடிக்கும் முறை என்னுடையது. எனக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. அண்ணன் கேனை என் கையிலிருந்து பிடுங்கினார்.

“நீ குந்து. அரிசி மூட்டை தூக்கினவன்டா நான். இந்தக் கேன் இன்னா பெருசா?”

ஓடினார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். முன்னால் வந்த லாரியை நோக்கி எல்லோரும் ஓடுகிறார்கள். அது நிற்கவில்லை. நின்றால் கூட்டம் ஏறிவிடும் என்று டிரைவருக்குப் பயம். அதன் பின்னால் இன்னொரு லாரி. புழுதியில் அது யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் மேட்டில் உட்கார்ந்திருந்தேன்.

“பின்னாடி! ணா, பின்னாடி வருது!”

கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. சத்தம் என் காதுக்கே வரவில்லை.

அந்தச் சத்தம் மட்டும் வந்தது. பெரிய சத்தம் இல்லை. பூசணிக்காயைத் தரையில் வைத்தால் வருமே, அவ்வளவுதான்.

கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று கேட்பீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. வாயில் மண் இருந்தது. நான் துடைத்தேன். துடைக்கும்போது மூச்சு இல்லை.

மதியம் இரண்டு மணிக்குள் புதைத்துவிட்டோம். வெயில் அப்படி. வைத்திருக்க முடியாது. நான், கேரளத்துக்காரர் இரண்டு பேர், வங்காளதேசத்துக்காரர் ஒருவர். ரொட்டி வந்த தகரத் தட்டால் தோண்டினோம். இடுப்பளவுகூட வரவில்லை. கீழே பாறை. வங்காளதேசத்துக்காரர் அவர் மொழியில் ஏதோ ஓதினார். நான் தடுக்கவில்லை. யாராவது ஏதாவது சொல்லட்டும் என்றிருந்தது.

கேனை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குற்றம் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன்.

இதுதான் நடந்தது. இதற்கு மேல் இதில் சேர்க்க ஒன்றுமில்லை. இதை அன்றைக்கே, அப்படியே, ஊரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் பெயர் ஏழுமலை. வயது முப்பத்து நாலு. எங்களுக்கு வடக்குப்பட்டு. ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து சைக்கிள் தூரம். குவைத்தில் ஆறு வருஷமாக மெஸ்ஸில் சமையல் வேலை. என்னை அங்கே கூப்பிட்டுக்கொண்டவர் அவர்தான். நான் சேகர். துணி வெளுக்கும் கடையில் இஸ்திரி போட்டேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். படிப்பு என்று சொன்னால் மனிதர்கள் பேசுகிற பேச்சுதான். யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. அண்ணன் பேச்சு முக்கால்வாசி இன்னும் காதில் கிடக்கிறது. ஆகஸ்ட் 2 விடியற்காலை தெருவில் ஈராக் டாங்கி ஓடுகிறது. கடகடவென்று தரை ஆடுகிறது. பாத்திரங்கள் அலமாரியிலிருந்து விழுகின்றன. நான் கட்டிலுக்கடியில். அண்ணன் குனிந்து பார்த்துச் சொல்கிறார். “டேய், சண்டை அவங்களுக்கு. சோறு நமக்கு. ஏந்துரு, பருப்பு ஊற வெச்சது புளிச்சிடும்.”

அப்படிப்பட்ட மனிதர்.

அந்த வருஷம் சித்திரையில் லீவில் வந்து போயிருந்தார். ஜூன் மாதம் அண்ணியிடமிருந்து கடிதம் வந்தது. மல்லிகா அண்ணி முழுகாமல் இருக்கிறாள். கல்யாணமாகி ஏழாவது வருஷம். மெஸ்ஸில் அன்றைக்கு எல்லோருக்கும் கேசரி. சின்னச் சட்டை மூன்று வாங்கினார். ஆணா பெண்ணா தெரியாமல் மஞ்சள் நிறமாகப் பார்த்து வாங்கினார். சண்டையில் அந்தச் சட்டைகள் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை.

செப்டம்பர் 21. அம்மானிலிருந்து பம்பாய்க்கு விமானம். பம்பாயிலிருந்து மெட்ராஸ் ரயில். நாள் எண்ணிக்கொண்டே வருகிறேன். பதினாறாம் நாள் திருத்தணியில் விடிந்தது. இறங்கினேன்.

அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. வயிற்றில்தான் இருக்கிறது. அப்படியென்றால் முடி எடுக்க வேண்டியவன் நான். குளத்தங்கரையில் உட்கார்ந்தேன். முடி எடுக்கிறவர் தலையை நனைத்தார்.

“வேண்டுதலா?”

“மீசையும் எடுத்துடுங்க.”

அவர் கை நின்றது. எங்கள் பக்கத்தில் சாமிக்கு மொட்டை என்றால் மீசையைத் தொட மாட்டார்கள். மீசை எடுத்தால் அது சாவுக்கு.

“யாருக்குப்பா?”

“அண்ணனுக்கு.”

கத்தியைத் துடைத்துவிட்டு மெதுவாக எடுத்தார். நான்கு மாதத்துக்கு, நான் உண்மை சொன்ன ஒரே ஆள் அவர்தான். முகம்கூட நினைவில்லை.

அங்கிருந்து அரக்கோணம். அரக்கோணத்திலிருந்து பஸ். ஸ்ரீபெரும்புதூரில் மாறி ஊர் போய்ச் சேர்ந்தபோது பகல் மூன்று மணி. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ‘அம்மா, அண்ணன் பூட்டாரு.’ மூன்றே வார்த்தை. தெருமுனையில் தெரிந்துவிட்டது. ஆட்கள் ஓடி வருகிறார்கள். அண்ணி வெளியே வருகிறாள். ஐந்தாம் மாதம். வயிறு தெரிகிறது. தலையில் கனகாம்பரம். என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். ரோட்டை.

அம்மா என் கன்னத்தைப் பிடித்தாள்.

“பெரியவன் எங்கடா?”

“கால்ல அடி. பாக்தாத்துல ஆஸ்பத்திரில கீறாரு. ஆறினதும் அனுப்புவாங்க.”

யோசித்துச் சொன்னது இல்லை. வாய் சொல்லிவிட்டது. பிறகுதான் காரணம் கண்டுபிடித்தேன். பிள்ளைத்தாச்சி. சாவுச் சேதி சொல்லக் கூடாது. பிரசவம் ஆகட்டும், சொல்லிவிடலாம். தையில்தானே. நாலு மாதம். நாலு மாதத்தை வாயை மூடிக்கொண்டு கழித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அன்றைக்கே மாட்டியிருக்க வேண்டியது. சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. அப்பா போனபிறகு வீட்டுக்குப் பெரியவர். என் முகத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

“இன்னாடா, மீசையும் இல்ல? அங்க யாரு செத்துட்டாங்கன்னு எடுத்த?”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. மறுநாள் துணி துவைக்கும் கல்லருகே தனியாகக் கேட்டாள்.

“தம்பி. மீசை ஏன் எடுத்த?”

“கேம்ப்ல பேனு அண்ணி. ஒரே அரிப்பு.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் வேலைக்குப் போனேன். ஒரகடம் போகிற வழியில் தகடு அடிக்கிற சின்னக் கம்பெனி. ஆறு மணி ஷிஃப்ட். நான்கு பிரஸ். ஒவ்வொன்றும் நான்கு விநாடிக்கு ஒரு தரம் இறங்கும். தட். தட். தட். முதல் வாரம் ஒவ்வொரு அடிக்கும் தோள் தூக்கிப் போட்டது. லைனில் இருந்தவர்கள் எனக்குக் குவைத்து என்று பேர் வைத்தார்கள். “டேய் குவைத்து, மிஷினுடா அது. உன்னைத் தேடிக்கினு வரல” என்பார்கள். சூப்பர்வைசர் இன்னும் வாய்க்காரர். “குண்டு போட்டா ஓடி வந்துட்ட. ஓ.டி. போட்டா மட்டும் ஓடாத மச்சான்” என்பார். சிரிப்பேன். சிரிப்பதற்கு ஒன்றும் கஷ்டமில்லை. அழுவதற்குத்தான் இடம் தேட வேண்டியிருந்தது. வீட்டில் முடியாது. கம்பெனியில் முடியாது. சைக்கிளில் வரும்போது ஏரிக்கரைத் திருப்பத்திலிருந்து ஆலமரம் வரைக்கும் ஆள் இருக்காது. அது என் இடம். தினமும் இரண்டேகாலுக்கு. மரம் வந்தால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வேன். வீடு வந்தால் சாப்பாடு போட்டுவைத்திருப்பார்கள். சாப்பிடுவேன்.

ஒரு சாவை மனதில் வைத்துக்கொண்டு சாவில்லாத வீட்டில் இருப்பது எப்படி என்று யாராவது கேட்டால், இப்படித்தான். எதுவும் நிற்காது. அம்மா குழம்பில் உப்புப் பார்ப்பாள். அண்ணி சனிக்கிழமை ஒருபொழுது இருப்பாள், அவர் கால் ஆற வேண்டும் என்று. சாயந்திரம் ரேடியோவில் செய்தி வரும். மூன்று பேரும் கேட்போம். ஈராக் என்று வந்தால் அம்மா கையை உயர்த்தி எல்லோரையும் அடக்குவாள்.

அக்டோபர் 18. தீபாவளி. சாவு நடந்த வீட்டில் முதல் தீபாவளி கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் வைத்தார்கள். அம்மா பெரியவனுக்கென்று வேட்டி எடுத்து மஞ்சள் தடவி மடித்து வைத்தாள். எனக்குத் தலையில் எண்ணெய் வைத்தாள். முளைத்த முடி குத்துகிறது என்று சிரித்தாள். அவள் கை என் தலையில் இருக்கும்போது சொல்லிவிட நினைத்தேன். தெருவில் சரவெடி வெடித்தது. நான் அறைக்குள் ஓடிவிட்டேன். “பாவம், அங்க பாத்த பயம்” என்றார்கள்.

ஐப்பசி கடைசி வெள்ளி. நவம்பர் 16. அண்ணிக்கு வளைகாப்பு.

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நடுவில் மணை. அண்ணி உட்கார்ந்திருக்கிறாள். பச்சைப் புடவை. பட்டு இல்லை, ஆனாலும் பளபளவென்று இருந்தது. சேரப்பணஞ்சேரியிலிருந்து அவள் அம்மா, அண்ணன், சொந்தங்கள். சுமங்கலிகள் வரிசையாக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கண்ணாடி வளையல் போடுகிறார்கள். கலகலவென்று சத்தம். “புருஷங்காரன் காதுல வுழணும்டி, நல்லா ஆட்டு கையை” என்கிறாள் ஒருத்தி. அண்ணி ஆட்டுகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

என் அம்மா அந்தக் கூடத்துக்கு வரவில்லை. சமையல் கட்டு வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “வாங்கக்கா, நீங்களும் ஒண்ணு போடுங்க” என்று பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி கூப்பிட்டாள். அவர்கள் கோயில் வேறு. அவர்களுக்கு இதெல்லாம் பெரிதில்லை. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, நான் தாலி அறுத்தவ. என் நெழல்கூட அந்தப் பக்கம் வுழக் கூடாதும்மா.”

புளிசாதப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நான் நடுவில் நிற்கிறேன். இந்தப் பக்கம் அம்மா. தன் நிழல் விழக் கூடாது என்று தள்ளி நிற்கிறாள். அந்தப் பக்கம் மணையில் அண்ணி. புருஷன் மண்ணுக்குள் போய் அறுபத்தெட்டாவது நாள். இரண்டு கையிலும் சேர்த்து இருபத்தோரு வளையல். எண்ணினேன். ஒவ்வொன்றாக எண்ணினேன்.

“டேய் சேகரு, எலையில சாதம் போடு, மரம் மாதிரி நிக்காத” என்றார் சித்தப்பா.

போட்டேன்.

பொங்கல் வந்தது. பானை வைத்தார்கள். பொங்கி வழிந்தது. குலவை போட்டார்கள். அண்ணியால் குனிய முடியவில்லை. நாள் நெருங்கிவிட்டது. இன்னும் ஒரு வாரம், பத்து நாள். குழந்தை பிறந்ததும் சொல்லிவிட வேண்டும். முதலில் சித்தப்பாவிடம். அப்புறம் அம்மாவிடம். வார்த்தைகளை அடுக்கி வைத்துவிட்டேன்.

1991 ஜனவரி 17. வியாழன். காணும் பொங்கலுக்கு மறுநாள். காலை ஷிஃப்ட் இல்லை. கம்பெனி லீவு. ஏழேகால் மணிச் செய்தி. அம்மா வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். பாக்தாத் மீது விமானங்கள் குண்டு வீசுகின்றன என்று ரேடியோ சொல்கிறது. அம்மா உள்ளே வருகிறாள். கையில் சாணி.

“அது இன்னா ஊரு சொன்னான்?”

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். ரேடியோ இன்னொரு முறை சொல்கிறது.

“அங்கதானடா அவன் கீறான்? ஆஸ்பத்திரில? நடக்க முடியாம?” என் சட்டையைப் பிடித்தாள். “பூட்டானாடா? சேகரு, என் மூஞ்சியப் பாரு. பூட்டானா?”

தலையை ஆட்டினேன்.

இல்லை என்று ஆட்டவில்லை. ஆம் என்று ஆட்டினேன். நாலு மாதமாகக் கழுத்து வரைக்கும் நின்றது. அவள் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டாள். நான் சரியான பதிலைத்தான் சொன்னேன். நாள்தான் தப்பு. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. இனிமேல் எல்லோரும் அழலாம். நானும் அழலாம். ஏரிக்கரை வேண்டாம்.

அழுதேன். தெருவே கூடி அழுதது. ஒப்பாரி வைத்தார்கள். அண்ணியின் தாலியில் கை வைக்கப் போனவர்களைச் சித்தப்பா தடுத்தார். “புள்ளத்தாச்சி. பெத்துப் பொழச்சு வரட்டும். பதினாறாம் நாள் பாத்துக்கலாம்.”

அன்று மாலையே அண்ணிக்கு வலி கண்டது. பயத்தில் வந்த வலி. ஒன்றரை நாள். மாட்டு வண்டியில் ரோடு வரைக்கும், அங்கிருந்து வேனில் ஸ்ரீபெரும்புதூர். ஜனவரி 19. சனிக்கிழமை. காலை ஒன்பது ஐம்பது. பெண் குழந்தை. அழுகை சன்னமாக இருந்தது. மூன்று முறை அழுதது. பிறகு தூங்கிவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வாசலிலேயே கேட்டேன். யார் முதலில் சொன்னது என்று தெரியாது.

“வியாழக்கெழம அப்பன். சனிக்கெழம இது. முழுங்கிக்கினே வந்துட்டுது.”

இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. போரின் மேல் பழியைப் போட்டேன் என்று இருந்தேன். போர் அதைத் தூக்கி இந்தக் குழந்தை மேல் போட்டுவிட்டுப் போய்விட்டது.

அம்மா குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. கோபமாக இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குழந்தை அழுதால் எழுந்து வெளியே போவாள். யாரும் தூக்கவில்லை. ஆரோக்கியமேரி மட்டும் வந்து குளிப்பாட்டினாள். கால் நீட்டி உட்கார்ந்து, காலில் குழந்தையைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசுவாள். “ஏன்டி குட்டி, இவங்க இப்படிப் பேசுறாங்க, உனக்கு இன்னாடி தெரியும்? உனக்குப் பாலு மட்டும்தான் தெரியும். இல்ல?” அவள் பேசுவதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன்.

பிரஸ் இறங்குகிறது. தட். தட். முழுங்கிக்கினே வந்துட்டுது. தட். எட்டு மணி நேரமும் அதுதான் கேட்டது.

ஜனவரி 27. ஞாயிறு. மதியம். அம்மா வெளியே போயிருந்தாள். அண்ணி குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கதவருகே உட்கார்ந்தேன். சொன்னேன். லாரி, ஹாரன், கேன், தகரத் தட்டு. எல்லாம். செப்டம்பர் 9 என்று சொன்னேன். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள். குழந்தை ஏப்பம் விட்டது. கீழே படுக்க வைத்தாள்.

“அன்னிக்கே உன் மீசையைப் பாத்து வயித்துல ஒண்ணு வுழுந்துச்சு. சத்தியமான்னு கேட்டேன். நீ சத்தியம்னு சொன்ன.”

“நீங்க மாசமா இருந்தீங்க அண்ணி...”

“நாலு மாசம் நான் பூ வெச்சிக்கினேன். வளையல் போட்டுக்கினேன். கையை ஆட்டச் சொன்னாங்க, ஆட்டினேன். நீ பாத்துக்கினு நின்ன. சோறு போட்டுக்கினு நின்ன.”

நான் குழந்தையின் துணியை எடுத்து மடித்தேன்.

“நான் கெடக்கறேன். எம்பொண்ணு மேல பழி போட்டுட்டு நீ வேலைக்குப் போயிட்டு வர. போய்ச் சொல்லு. நாலு பேரு கூடியிருக்கற எடத்துல சொல்லு. என்கிட்ட சொல்லி இன்னா பண்றது?”

பிப்ரவரி 1. பதினாறாம் நாள். விடியற்காலையில் பெண்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நான் பார்க்கவில்லை. வளையல் உடைகிற சத்தம் வெளியே கேட்டது. இருபத்தொன்றும் இல்லை. பிரசவத்தின்போது கொஞ்சம் கழற்றிவிட்டார்கள். மிச்சம் இருந்தது உடைந்தது.

எட்டு மணிக்கு ஆண்கள் ஏரிக்கரைக்குப் போனோம். பங்காளிகள் இருபது பேர் இருக்கும். கல்லில் உட்கார்ந்தேன். முடி எடுக்கும் கன்னியப்பன் தலையில் தண்ணீர் தெளித்தார். எதிர்க்கரையில் மோட்டார் ஓடுகிறது. டுப்டுப் என்று.

“இருங்க” என்றேன். எழுந்து நின்றேன். “அண்ணன் போயி பதினாறு நாள் ஆகல. ஆவணி மாசமே பூட்டாரு. செப்டம்பர் ஒம்போது. கேம்புல தண்ணி லாரி ஏறிடிச்சு. நான்தான் பொதைச்சேன். கொழந்தைக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல.”

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ தண்ணீரில் கல் போட்டார்கள்.

கன்னியப்பன்தான் முதலில் பேசினார். “ஆமா. அப்பவே தம்பி மீசை எடுத்துக்கினுதான வந்துது. நான் கூட வேற எவனோ தப்பா எடுத்துட்டான்னு நெனச்சேன்.”

சித்தப்பா விரலை மடித்தார். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. ஐந்து விரல். கையை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். கெட்டவர் இல்லை அவர். என்னைப் பார்த்து அழுதார். அழுதுகொண்டே சொன்னார்.

“அப்போ வயித்துல கீறப்பவே அப்பனை முழுங்கிடிச்சாடா அது?”

இருபது பேரும் அதைத்தான் நினைத்தார்கள். முகத்தில் தெரிந்தது. நான் நாளைத்தான் மாற்றினேன். அவர்கள் பேச்சை அதற்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொண்டார்கள்.

கல்லில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். மீசை இரண்டாம் முறை போயிற்று. ஒரே அண்ணனுக்கு.

வீட்டில் அம்மாவிடம் சேதி எனக்கு முன்னால் போய்விட்டது. அவள் அழவில்லை. அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“பொய் சொல்றான். அந்தப் புள்ளைய காப்பாத்தறதுக்குப் பொய் சொல்றான். அன்னிக்கு என் மூஞ்சியப் பாத்துத் தலையாட்டினான். அதான் நெசம்.”

“இல்லம்மா. அண்ணன் பாஸ்போர்ட்டே என்கிட்டதான் கீது. இந்தா பாரு.”

“ஆஸ்பத்திரில தொலஞ்சிடும்னு உன்கிட்ட குடுத்து அனுப்பிச்சான்.”

“என் கையால பொதைச்சேம்மா.”

“ஆவணியிலயே போயிருந்தா நாங்க வளையல் போட்டது யாருக்குடா?” குரல் அப்போதுதான் உடைந்தது. “நான் நெழல்கூட வுழக் கூடாதுன்னு வாசக்கால்ல நின்னேனே. தாலி அறுத்தவளையா நடுவுல குந்த வெச்சு வளையல் போட்டோம்? சொல்லாத. அப்படிச் சொல்லாத.”

அவளால் அதை நம்ப முடியாது. நம்பினால் அந்த வளைகாப்பு வெள்ளிக்கிழமை முழுதும் அழுகிப்போகும். எனக்குப் புரிந்தது. சாவுச் சான்று என்று ஒரு துண்டுக் காகிதம் இருந்தால் காட்டியிருப்பேன். அந்தப் பாலைவனத்தில் யார் காகிதம் கொடுத்தது? சாட்சி நான் ஒருவன். ஏற்கெனவே பொய் சொன்ன சாட்சி.

பிப்ரவரி 3. அண்ணியின் அண்ணன் சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்தார். ஒரு டிரங்குப் பெட்டி. ஒரு பை. அண்ணி குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். தொட்டில் போடவில்லை. பேர் வைக்கவில்லை. அம்மா திரும்பிப் படுத்திருந்தாள். வாசலில் அண்ணி நின்றாள். யாராவது தடுப்பார்கள் என்று அரை நிமிஷம் நின்றாள். ஆரோக்கியமேரி மட்டும் அவர்கள் வீட்டு வாசலிலிருந்து “மல்லிகா, கொழந்தைக்குக் காது மூடுடி, காத்து” என்று கத்தினாள். அண்ணி காதை மூடினாள். போய்விட்டாள்.

பிப்ரவரி 28. போர் நின்றுவிட்டது என்று ரேடியோ சொன்னது. யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நான்தான் எழுந்து ரேடியோவை நிறுத்தினேன்.

அம்மா அண்ணன் போட்டோவுக்குச் சட்டம் போட்டாள். பெயின்டரைக் கூப்பிட்டு எழுதச் சொன்னாள். மறைவு 17.1.1991. சிவப்பு எழுத்து. தினம் காலையில் அதைத் துடைத்துப் பூ வைக்கிறாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். ஆறு மணி ஷிஃப்ட். ஏரிக்கரை, ஆலமரம்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்ப் பெயர் உலகத்துக்கே தெரிந்துபோனது. ரோடெல்லாம் போலீஸ். கம்பெனி மூன்று நாள் லீவு. அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

1991 செப்டம்பர் 9. திங்கள். லீவு போட்டுவிட்டுச் சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். படையலுக்கு ஒன்றும் எடுத்துப் போகவில்லை. வாழைப்பழம் ஒரு சீப்பு. பதினொன்று இருபதுக்கு அவர்கள் வாசலில் நின்றேன். உள்ளே சாம்பிராணி வாசனை. அண்ணி படைத்திருக்கிறாள். சரியான நாளில். போட்டோ இல்லை. விளக்கு, இலை, நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர்.

என்னைப் பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. பழத்தை வாங்கிக்கொண்டாள். குழந்தை தவழ்ந்து வாசல்படி வரைக்கும் வந்தது. இரண்டு பல். அண்ணன் நெற்றி அப்படியே. நான் குனிந்தேன். அண்ணி சட்டென்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“வெயில்ல வந்திருக்க. தண்ணி குடிச்சிட்டுப் போ.”

குடித்தேன். போ என்றாள். வந்துவிட்டேன்.

இப்போது மார்கழி. அம்மா ஜனவரிக்குப் படையல் சாமான் சொல்லி வைத்திருக்கிறாள். சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கு நான் இலை போட வேண்டும். போடுவேன். அதற்கு முன்னால் இதை எழுதி வைக்கிறேன். யார் படித்தாலும் சரி.

இழந்தவை.

அண்ணன் ஏழுமலை. 1990 செப்டம்பர் 9. ஆவணி இருபத்து நாலு.

அவரைப் புதைத்த இடம். திரும்பிப் போனாலும் காட்டத் தெரியாது. அடையாளத்துக்கு ஒரு கல்லும் இல்லை.

எங்கள் கூடார வரிசையில் நான் பார்க்கப் புதைத்தவர்கள் அண்ணனோடு சேர்த்து ஐந்து பேர். அதில் இருவர் குழந்தைகள். மற்ற நால்வரின் பெயரும் எனக்குத் தெரியாது.

பெட்டி இரண்டு. அதில் ஒன்றில் மஞ்சள் சட்டை மூன்று.

மல்லிகா அண்ணி. இருக்கிறாள். எங்களுக்கு இல்லை.

அம்மா. ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் சொல்வது எதையும் அவள் நம்புவதில்லை. மழை வருகிறது என்றால்கூட வெளியே வந்து பார்க்கிறாள்.

ஒரு பெண் குழந்தை. பதினொரு மாதம். அவளை எங்கள் வீட்டில் இதுவரை ஒருவரும் தூக்கவில்லை. அவள் பிறந்தது 1991 ஜனவரி 19. அவள் அப்பா இறந்து நூற்று முப்பத்திரண்டு நாள் கழித்து. நீங்களே எண்ணிப் பாருங்கள்.